ஏற்காட்டுக்குத் தனிக் கணக்கெடுப்பா, மாவட்டப் புள்ளிவிவரமே போதுமா?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்துக்கான எண்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. 2019-21 சுற்றில் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். மாவட்டம் முழுமைக்கும் திட்டமிட அது போதும். ஆனால் ஏற்காடு ஒன்றியத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது. சமவெளியின் சராசரியில் மலைக் கிராமங்கள் கரைந்துவிடும்.

தனிக் கணக்கெடுப்புக்குப் பணம் வேண்டும். ரத்தசோகை விகிதத்தை 5 சதவீதப் புள்ளி முன்பின்னாக அறிய 384 பேரைப் பரிசோதிக்க வேண்டும். அவர்களை 30 தொகுதிகளாக (ஊர்க் கூட்டங்களாக) எடுப்பதால், ஒரே தொகுதியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதை ஈடுகட்ட ஒன்றரை மடங்காக்கினால் 576. 10 சதவீதம் விடுபடுவார்கள் என்று வைத்தால் 640. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். மறுபடி போகும் ஜீப் வாடகையைப் பட்ஜெட்டில் விட்டுவிட்டால் (வழக்கமாக விடுபடுவது இதுதான்) வேலைக்குப் போகாதவர்களே மாதிரியில் மிஞ்சுவார்கள். பரிசோதனைக்கு ரத்தத்துளி எடுக்கும்போது விரலை அழுத்திப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் (ரத்தசோகையை அளக்கப் பார்க்கும் ரத்தப் புரதம்) குறைவாகக் காட்டலாம். ஏற்காட்டின் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடியிருக்கும். உயரத்துக்கான திருத்தம் செய்யாவிட்டால் ரத்தசோகை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

மலைக்கு இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு அனுப்புவது என்பது கேள்வியானால், தனிக் கணக்கெடுப்புக்கே செலவழிக்கலாம். மாவட்டத் தடுப்பூசி நிலவரத்துக்கு அது வீண்செலவு.