ஊளையிடாத ஆம்ப் எது? ப்ளூஸ் மவுத் ஆர்கனுக்குச் சில ஃபெண்டர்கள்

கிதாருக்கு அருமை என்று பெயரெடுத்த ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒரு புல்லட் மைக்கை, அதாவது மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடிக்கும் மைக்கை, செருகி வால்யூமை 3க்குத் திருப்புங்கள். பல ஆம்ப்கள் அங்கேயே ஊளையிட (ஃபீட்பேக்) ஆரம்பித்துவிடும். அவற்றில் பழுது எதுவும் இல்லை. கிதாரில் இருக்கும் பிக்கப் கம்பியின் அசைவை மட்டும் வாங்குகிறது. மைக்கோ ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறது, அது மறுபடி பெருகி ஊளையாகிறது. வாத்தியத்தையும் மைக்கையும் காற்றுப் புகாமல் பொத்திப் பிடித்தால் மைக்கின் சிக்னல் இன்னும் எகிறும். அதனால் வாட்ஸ், விலை எல்லாம் அப்புறம். ஒலி கரகரவென்று உடைவது முதலில் வருகிறதா, ஊளை முதலில் வருகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இந்தக் கணக்கில் ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஆம்ப்பை மிஞ்ச ஆள் குறைவு. பேஸ் கிதாருக்காகச் செய்தது, மவுத் ஆர்கன்காரர்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். 1950களின் இறுதியில் வந்த 5எஃப்6-ஏ மாடலில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், சிக்னலை முதலில் பெருக்கும் வால்வு (கண்ணாடிக் குழாய்) 12ஏஒய்7 வகை. இப்போது கிடைக்கும் மறுபதிப்பில் அந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7 இருக்கிறது. முன்னதன் பெருக்கம் சுமார் 45, பின்னதன் பெருக்கம் 100. பெருக்கம் கூடினால் ஊளையும் சீக்கிரம் வரும். மறுபதிப்பு வாங்கிவிட்டு "பழையது மாதிரி இல்லையே" என்று குறைப்படுபவர்கள் பலரும் இந்த ஒரு வால்வை மாற்றாதவர்கள்தான். நார்மல் சேனலில் ட்ரெபிள் 2 அல்லது 3, பேஸ் 7, ப்ரெசன்ஸ் (ஒலியின் கூர்மைக்கான குமிழ்) பூஜ்யம் என்று வைத்துத் தொடங்கலாம். குறைகளும் உண்டு. எடை 20 கிலோவைத் தாண்டும். 45 வாட்ஸ் என்பதால், உடையும் அளவுக்குத் திருப்பினால் சின்ன அறை தாங்காது.

ஃபெண்டரின் சாம்ப் நேர் எதிர். 5 வாட்ஸ், ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர். பழைய ட்வீட் (துணி உறை போட்ட) வகையில் வால்யூம் குமிழ் மட்டுமே உண்டு. வீட்டுச் சத்தத்திலேயே அழகாக உடையும். டோன் குமிழ் இல்லாததால் கீச்சிடும் மைக்கை அடக்க வழியில்லை, மைக்கைத்தான் மாற்ற வேண்டும். ட்ரம்ஸ் உள்ள மேடையில் ஆம்ப்புக்கு முன்னால் இன்னொரு மைக் வைத்தே ஆக வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பரிந்துரை ப்ரோ ஜூனியர்: 15 வாட்ஸ், இரண்டு இஎல்84 பவர் வால்வுகள், ஒரு 10 அங்குல ஸ்பீக்கர், வால்யூம், டோன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வாசித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முதல் வால்வை எடுத்துவிட்டு 12ஏஒய்7 போட்டதும் வேறு ஆம்ப் ஆகிவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, வால்வுகள் ஆறும் வரை பொறுங்கள். பவர் வால்வுகளிலிருந்து தள்ளி, இன்புட் பக்கம் இருப்பதே முதல் வால்வு. உலோக மூடி இருந்தால் கழற்றிவிட்டு, வால்வை லேசாக ஆட்டியபடி நேராக இழுங்கள். புதியதன் 9 பின்களில் ஓரிடத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும். அதைச் சாக்கெட்டோடு பொருத்தி அழுத்துங்கள். சாய்த்துத் திணித்தால் பின் வளையும். இது பவர் வால்வு அல்ல, ப்ரீஆம்ப் (முதல்கட்டப் பெருக்க) வால்வு என்பதால் பயஸ் (வால்வின் மின் அமைப்பு) சரிசெய்யத் தேவையில்லை. 12ஏஒய்7 போட்டும் ஊளை நிற்காவிட்டால் 12ஏயூ7 போடலாம். அதன் பெருக்கம் 20க்குள்தான். சில மைக்குகளோடு ஒலி சோர்ந்துபோகும்.

ப்ளூஸ் ஜூனியர் பெயரில்தான் ப்ளூஸ். 12 அங்குல ஸ்பீக்கரின் அடிச்சத்தம் சீக்கிரமே ஊளைக்கு இழுக்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் ஃபேட் சுவிட்சை (ஒலியைத் தடிப்பாக்குவது) அணைத்து, மாஸ்டரை (மொத்தச் சத்தத்துக்கான குமிழ்) ஏற்றி, வால்யூமைத் தாழ்த்தி வாசியுங்கள். இதற்கென்று தேடிப்போய் வாங்க வேண்டாம்.

மைக் பொருந்தாவிட்டால் எந்த ஆம்ப்பும் உதவாது. எஸ்எம்58 போன்ற குறைந்த இம்பீடன்ஸ் (மின்தடை) மைக்கை வெறும் கேபிளில் செருகினால் ஒலி மெலிந்துவிடும். நடுவில் ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய கிரிஸ்டல் மைக் சுமார் 5 மெகாஓம் இன்புட்டை எதிர்பார்க்கும். கிதார் ஆம்ப்பின் 1 மெகாஓமில் பேஸ் கரைந்துபோகும். ஊளைக்குப் பயந்து அதை 2ஆம் ஜாக்கில் (இரண்டாம் இன்புட்டில்) செருகினால் இன்னும் மோசம். பல ஃபெண்டர்களில் அங்கே இருப்பது சுமார் 136 கிலோஓம்தான்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் மைக்கையும் வாத்தியத்தையுமே கொண்டுபோங்கள். ஆம்ப் நாற்காலி மேல் இருக்கட்டும், தரையில் வைத்தால் பேஸ் வீங்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இறுகப் பொத்தி, இரண்டாம் துளையில் மூச்சை உள்ளிழுத்து வாசித்தபடி வால்யூமை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். உடையத் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊளை வரும் எண்ணையும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு எண்கூட இடைவெளி இல்லையென்றால், வால்வை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த ஆம்ப்பை அங்கேயே விட்டுவிடலாம்.