அக்ரோபேட் ப்ரோவின் பேட்ஸ் எண்ணிடல்: வழக்குக் கட்டுக்கு எவ்வளவு தாங்கும்?

பக்க எண் போட அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட் ப்ரோ வேண்டுமா என்று கேட்டால், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் 50 பக்க ஆவணத் தொகுப்புக்கு (டைப்டு செட்) வேண்டாம். எண் அச்சுக் கருவியோ இலவச மென்பொருளோ போதும். இருபது முப்பது கோப்புகள், எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி, சீனியருக்கு ஒன்று, சாட்சியிடம் காட்ட ஒன்று என்று கட்டு பெருகும்போதுதான் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது. பேட்ஸ் என்பது 1890-களில் நியூயார்க்கின் எட்வின் பேட்ஸ் காப்புரிமை பெற்ற, அழுத்த அழுத்த எண் தானாக ஏறும் கைக்கருவியின் பெயர். அந்த வேலையைத்தான் இந்த மென்பொருள் பல கோப்புகளில் ஒரே ஓட்டத்தில் செய்கிறது.

'எடிட் பிடிஎஃப்', 'மோர்', 'பேட்ஸ் நம்பரிங்', 'ஆட்' என்று போக வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறுவதால், கருவிகள் தேடலில் 'பேட்ஸ்' என்று தட்டுவது சுலபம். கோப்புகளைச் சேர்த்ததும் வரிசையைப் பாருங்கள். பெயர்ப்படி அடுக்கினால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும் தொல்லை வரலாம். கோப்புப் பெயர்களை 001, 002 என்றே தொடங்கினால் தப்பலாம். பிறகு இலக்க எண்ணிக்கை, தொடக்க எண், முன்னொட்டு, பின்னொட்டு. ஆறு இலக்கம் போதும். முன்னொட்டில் வாதி, பிரதிவாதி யார் என்று காட்டும் ஓர் ஆங்கில எழுத்து வைக்கலாம். வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம் 1) போன்ற குறியீட்டை வைக்கக் கூடாது. சான்றாவண எண் நீதிமன்றம் குறியீடு செய்யும்போது கிடைப்பது. நீங்கள் நினைத்த வரிசையில் அது வராது. கட்டு முழுக்கத் தப்பான எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும்.

வெளியீட்டில் பழைய கோப்பின் மேலேயே எழுத விடாதீர்கள். தனி ஃபோல்டர் கொடுங்கள். எண் ஏறிய நொடியில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் மின்னணுப் பதிவின் ஹாஷைக் கேட்கிறது. மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஏற்றுமதி போன்றவற்றுக்கு எண்ணிடாத மூலக் கோப்பிலேயே ஹாஷ் எடுத்துவிட வேண்டும். எண்ணிட்டது படிக்க, மூலம் நிரூபிக்க.

ஸ்கேன் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்கும் எழுத்துணர்தலையும் (ஓசிஆர்) எண்ணிடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஸ்கேன் பக்கத்தில் எண் ஏறிய பிறகு ஓசிஆர் ஓட்டினால், பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது என்று சொல்லி அக்ரோபேட் மறுக்கக்கூடும். மறுத்தால், தேட முடியாத கட்டோடு நிற்பீர்கள். தமிழ்ப் பத்திரங்களுக்கு அக்ரோபேட்டின் ஓசிஆரை நம்ப வேண்டாம். தமிழ் தெரிந்த இலவச ஓசிஆர் மென்பொருளான டெசராக்டில் ஓட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் பழம் பத்திரத்துக்கு எதுவும் உதவாது, அட்டவணையில் கையால் குறிப்பு எழுதத்தான் வேண்டும்.

எண் எங்கே விழுகிறது என்பது அடுத்த சிக்கல். நம்மூர்ப் பதிவுப் பத்திரத்தின் கீழ் ஓரத்தில் கையொப்பமும் முத்திரையும் நெருக்கியடித்துக் கிடக்கும். எண் அதன் மேல் உட்கார்ந்தால் குறுக்கு விசாரணையில் வேடிக்கைதான். 'அப்பியரன்ஸ் ஆப்ஷன்ஸ்' என்பதில் உள்ளடக்கத்தைச் சுருக்கி ஓரத்தில் இடம் விடும் தேர்வு உண்டு, அதைப் போடலாம். ஆனால் புல வரைபடம் உள்ள கோப்பில் மட்டும் போடாதீர்கள். அளவுகோல் குலைந்துவிடும், அச்சிட்ட தாளில் ஸ்கேலை வைத்து அளப்பவருக்குத் தப்பான நீளம் கிடைக்கும். அதைத் தனி ஓட்டமாக, சுருக்காமல் எண்ணிடுங்கள். தலைகீழாக ஸ்கேன் ஆன பக்கங்களை முதலில் நிமிர்த்தாவிட்டால் எண்ணும் மூலைக்கு மூலை அலையும்.

கடவுச்சொல் பூட்டிய கோப்புகளை மென்பொருள் ஏற்காது. டிஜிட்டல் கையொப்பமிட்ட வில்லங்கச் சான்றிலும் இதே கதை, எண்ணிடப் போனால் கையொப்பம் நிற்காது. அதைப் பிடிஎஃப்பாகவே மறு அச்செடுத்து அந்தப் பிரதியில் எண்ணிடுங்கள். கையொப்பமுள்ள கோப்பு தனியே, தொடாமல் இருக்கட்டும்.

பாதியில் ஒரு ஆவணம் கிடைத்தால் இந்தக் கருவி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 47-க்குப் பின் மூன்று பக்கம் நுழைக்க 47ஏ, 47பி, 47சி வேண்டும். பின்னொட்டு எழுத்து ஏறாது, எண்தான் ஏறும். 47ஏ, 48ஏ என்று போய்விடும். முன்னொட்டாக '000047.' கொடுத்து, மூன்று இலக்கத்தில் 001-இலிருந்து ஓட்டினால் 000047.001, 000047.002 என்று வரும். ஏற்கெனவே எதிர்த்தரப்புக்குக் கொடுத்த கட்டை மறு எண்ணிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எழுதிய வாதுரையின் பக்கக் குறிப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த பிறகு திரையில் 53 என்று காட்டும் பக்கத்தில் 47 அச்சாகியிருக்கும், முன்னே அட்டவணை இருப்பதால். சிறுபட வரிசையில் 'பேஜ் லேபிள்ஸ்' போய் எண்ணைச் சரிசெய்துவிட்டால், நீதிபதி சொல்லும் எண்ணைத் தட்டினாலே அந்தப் பக்கம் திறக்கும். புக்மார்க்குகளும் போட்டுவிடுங்கள்.

பகிர்வுதான் இந்தப் பொருளின் பலவீனமான பாதி. இணைப்பு அனுப்பிக் கருத்து வாங்குவது அலுவலகத்துக்குள் நன்றாகவே ஓடுகிறது. சீனியர் ஓரக் குறிப்பு எழுத, ஜூனியர் பதில் எழுத ஒரே கோப்பு போதும். அதே கோப்பு எதிர்த்தரப்புக்குப் போனால் உங்கள் வழக்கின் ஓட்டை முழுக்க ஓரக் குறிப்பாக அவர்கள் கையில் இருக்கும். வெளியே அனுப்பும் பிரதியில் 'ரிமூவ் ஹிட்டன் இன்ஃபர்மேஷன்' ஓட்டி, கருத்துகள் போனதா என்று திறந்து பாருங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு மறைக்கக் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பே அல்ல, அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்தால் வந்துவிடும். 'ரெடாக்ட்' கருவியால் குறித்து 'அப்ளை' கொடுக்க வேண்டும், குறித்தால் மட்டும் போதாது. இதை எண்ணிட்ட பிறகு செய்தால்தான் மறைத்த பிரதியும் மறைக்காத பிரதியும் ஒரே எண்ணில் பேசும்.

ரீடரில் இந்த வசதி இல்லை, ப்ரோ சந்தாதான் வேண்டும். எண்ணிடல் மட்டுமே தேவை என்பவர்கள் ஃபாக்ஸிட் பிடிஎஃப் எடிட்டரையோ பிடிஎஃப்-எக்ஸ்சேஞ்ச் எடிட்டரையோ பார்க்கலாம், இரண்டிலும் பேட்ஸ் எண்ணிடல் இருக்கிறது.