சம்பள வாரத்திலும் நிற்காத கல்லா: எங்கள் கடைக்கு வந்த டெவ்ஆப்ஸ் குழு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா தொடங்கிய மளிகை மொத்தக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கோலகங்சாரிலும் ஈப்போ புந்தோங்கிலும் கிளைகள் உண்டு. தோட்டங்களில் முந்தின மாதச் சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும் என்பதால் மாதாமாதம் 5, 6, 7 எங்களுக்குத் தீபாவளி மாதிரி. அந்த மூன்று நாளில் பில் போடும் கணினி நின்றால் வரிசை அடுத்த கடைக்குப் போய்விடும்.

பழைய மென்பொருள்காரரிடம் நான் பட்டதைச் சொன்னால்தான், இப்போது பில் மென்பொருளை எழுதி ஓட்டியும் பார்த்துக்கொள்ளும் புதிய டெவ்ஆப்ஸ் குழுவின் அருமை புரியும். 2018 ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) 6 விழுக்காட்டிலிருந்து சுழியமானது. இரண்டு வாரம் முன்பே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் அன்று காலை எங்கள் கல்லா பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் 6 விழுக்காடு போட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் ஒருவர் தம்ப்டிரைவுடன் வந்தார். இரண்டு கடையில் மாற்றிவிட்டு, புந்தோங்கை மறந்துவிட்டார். ஒரே சவர்க்காரத்துக்கு இரண்டு விலை! கேட்டால், எழுதினவர் "என் கணினியில் சரியாக ஓடுகிறதே" என்றார். பொருத்தினவர் "நான் எழுதவில்லையே" என்றார்.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுதான். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும். வெட்டுகிறவர் ஒரு குத்தகை, லோரி இன்னொரு குத்தகை என்றிருந்தால் குலை மேட்டிலேயே கிடக்கும்; எண்ணெயில் அமிலம் ஏறும்; ஆலையில் விலையைக் குறைப்பார்கள். எழுதி முடித்தும் கடைக்கு வந்து சேராத மென்பொருளும் அப்படித்தான்.

கடந்த ஆண்டு எங்கள் ஊர்க் கடைவரிசையில் மேல்மாடி எடுத்திருக்கும் இரண்டு தம்பிகளிடம் வேலையைக் கொடுத்தேன். ஒருவர் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) பேரன். "அக்கா, எழுதுறதும் நாங்கதான், ராத்திரி நின்னுபோனா எழுந்திரிக்கிறதும் நாங்கதான்" என்றார்கள். அதற்குப் பெயர் டெவ்ஆப்ஸ். 2009இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா என்பவர் கூட்டிய மாநாட்டிலிருந்து பரவிய சொல் என்றும் சொன்னார்கள். எனக்குப் பெயரைவிட வேலைதான் முக்கியம்.

வேலை இப்படி நடக்கிறது. மாற்றங்களைச் சேர்த்து வைப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று சிறு மாற்றம் வரும். நாங்கள் சொன்ன ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறார்கள். ரொக்க மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கவேண்டும், கியூஆரில் கட்டினால் அப்படிச் செய்யக்கூடாது என்பது அதில் ஒன்று. எல்லாச் சோதனையும் தானாக ஓடித் தேறினால்தான் மாற்றம் கடைக்கு வரும். முதலில் எங்கள் முதல் கல்லாவுக்கு மட்டும். சரியாக இருந்தால் மூன்று கடைக்கும் இயந்திரமே அனுப்பும். தம்ப்டிரைவும் இல்லை, மறதியும் இல்லை.

மறதியின் விலை சின்னதல்ல. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் 8 சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலைப் போடாமல் விட்டதால் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. தம்பி இதைச் சொன்னபோது எனக்குப் புந்தோங்தான் நினைவுக்கு வந்தது.

விற்பனைக் கணக்கைக் கணினி வழியாக வரித்துறைக்கு அனுப்பும் மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வந்தபோது இவர்களை முழுதாக நம்பினேன். எங்கள் அளவு கடைகளுக்கு, அதாவது ஆண்டு விற்பனை 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளி வரை உள்ளவர்களுக்கு, 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். வாங்கியவர் தம் பெயரில் மின்விலைப்பட்டியல் கேட்காத சில்லறை விற்பனையை ஒன்றாகத் திரட்டி, மாதம் முடிந்து 7 நாளுக்குள் அனுப்பவேண்டும். அதே சம்பள வாரம்! இவர்கள் அக்டோபரிலேயே துண்டு துண்டாகச் செய்து பார்த்துவிட்டார்கள். ஜனவரியில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிழையே வரவில்லை என்று சொல்லமாட்டேன். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை வாடிக்கையாளர்களின் பற்றுக் (கடன்) கணக்கு எல்லாம் முதல் கல்லாவில் சுழியம் காட்டியது. நான் பார்ப்பதற்கு முன்பே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தம்பிகளிடமிருந்து செய்தி வந்தது. 4 நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: எந்தச் சோதனை விடுபட்டது, இனி அது எப்படித் தடுக்கப்படும் என்று. யார் செய்தது என்று அதில் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

குறைகள்: அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகிறது, என் கல்லாப் பெண்களுக்குத் தமிழிலோ மலாயிலோ வேண்டும். முதல் ஆறு வாரம் சரக்குப் பெயர்களைச் சீராக்கவே போனது. அந்த வேலை முழுக்க நம் தலையில். மாதம் 650 வெள்ளி, பழையவரைவிட 200 கூடுதல். ஆனால் இந்த ஓராண்டில் சம்பள வாரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கடை நிற்கவில்லை. அந்த 200ஐ நான் மனமாரக் கொடுக்கிறேன். சேர நினைப்பவர்கள் மாதத்தின் 10ஆம் தேதிக்கு மேல் போய்ப் பாருங்கள். 5, 6, 7இல் தம்பிகளில் ஒருவர் என் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.