'ரெட்ரோ' கியர் லீவர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய ரேசிங் சைக்கிளுக்கு ஃப்ரிக்‌ஷன் லீவர் (உராய்வுப் பிடியில் நிற்கும் கியர் மாற்றும் லீவர்) தேடும் மலையகத்து நண்பர்களே, கண்டியில் ஒரு கடை 'ஜப்பான் அசல், 1975, ரெட்ரோ' என்று விளம்பரம் போட்டு விற்கும் ஜோடியை வாங்கிவிடாதீர்கள். என்னிடம் 18,000 ரூபா வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்.

பார்சலில் வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. பூட்டிக்கொண்டு தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறினேன். கிட்டத்தட்ட 1,200 மீட்டரிலிருந்து 1,600ஐத் தாண்டும் ஏற்றம். பின்னால் பெரிய பல்லுச் சக்கரத்தில் செயின் நின்றால்தான் மிதிக்க முடியும். ஒரு வளைவில் எழுந்து மிதிக்கும்போது லீவர் தானாக முன்னால் சரிந்தது. செயின் சின்னப் பல்லில் விழுந்து பெடல் இறுகிவிட்டது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் சாய்ந்து தப்பினேன்.

இந்த வகை லீவரில் படிப்படியாக விழும் 'டிக்' கிடையாது. பின் கியரின் ஸ்பிரிங் எந்நேரமும் கேபிளை இழுத்தபடி இருக்கும். அதற்கு ஈடுகொடுத்து லீவரை நிறுத்துவது நடு ஸ்குரூவும் வாஷர்களின் உராய்வும்தான். அந்தப் பிடி சரியாக இருந்தால் பல்லுச் சக்கரம் ஐந்தோ ஏழோ, பின்னால் உள்ள எந்த ஃப்ரீவீலுக்கும் (பல்லுச் சக்கரத் தொகுதிக்கும்) ஒத்துப்போகும். அதனால்தான் இதைத் தேடி அலைகிறோம்.

ஹட்டனில் தெரிந்த சைக்கிள் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் கழற்றிப் பார்த்தார். உராய்வு வாஷர் இருக்கவேண்டிய இடத்தில் தகரத்தில் வெட்டிய ஒரு வட்டம். கத்தரி பட்ட பிசிறுகூட ஓரத்தில் அப்படியே இருந்தது. கையால் அசைத்துப் பார்ப்பவருக்கு வழுவழுவென்று தெரிய மேலே கிரீஸ் அப்பியிருந்தார்கள். துடைத்தால், வலது லீவரில் அரம் போட்டுத் தேய்த்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது 'எஸ்ஐஎஸ்' எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எஸ்ஐஎஸ் என்பது 'டிக் டிக்'கென்று படிப்படியாக விழும் ஷிமானோ கம்பெனியின் கியர் முறை. அவர்களுடைய டியூரா-ஏஸ் ரேசிங் பாகங்களில் அது வந்ததே 1984இல்தான். அது எப்படி 1975 லீவராகும்?

கடைக்குப் போன் பண்ணினேன். "அண்ணே, ரெட்ரோன்னுதானே போட்டிருக்கோம். ரெட்ரோன்னா பழைய ஸ்டைல். பழசுன்னு நாங்க சொல்லலையே" என்றார். அப்படியென்றால் 1975 எதற்கு என்று கேட்டதும் வைத்துவிட்டார். பழைய மாதிரியில் புதிதாகச் செய்ததை ரெட்ரோ என்று சொல்லி விற்பதில் தப்பே இல்லை. டயா-கோம்பே கம்பெனி செய்யும் புது லீவர்கள் அருமையானவை. ஆனால் எழுத்தைத் தேய்த்து, தகரத்தை வைத்து, இல்லாத வருஷத்தைப் போட்டு விற்பது களவு. நம்முடைய ரோடுகளில் அது உயிரோடு விளையாடுவது.

வாங்குமுன் கழற்றி வைத்த வாஷர்களின் படத்தைக் கேளுங்கள். நேரில் என்றால் கேபிளோடு பூட்டச் சொல்லி, பெரிய பல்லுக்கு ஏற்றிவிட்டுக் கையை எடுங்கள். ஸ்குரூவை இறுக்கிய பிறகும் லீவர் நகர்ந்தால் வேண்டாம். சன்டூர் கம்பெனியின் ராட்செட் (உள்ளே சிறு பற்கள் உள்ள) லீவரில் மெல்லிய கிர்ர் சத்தம் வரும், அது அதன் இயல்பு, பயப்பட வேண்டாம். ஃபிரேம் குழாயைச் சுற்றிப் பூட்டும் கிளாம்ப் வகை என்றால் உங்கள் குழாயின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய இரும்பு ஃபிரேம்களில் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர்தான்.

பில் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். என் பில்லில் '1975 அசல்' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதே லீவரை வாங்கியவர்கள் இருந்தால், ரைடு போகுமுன் வலது பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள்.