பொறை, பொறுமை, நோன்மை: எதை எங்கே எழுதலாம்?

'பொறுமை' இருக்கும்போது 'பொறை' எதற்கு? இரண்டும் 'பொறு' என்ற வினையில் பிறந்தவை. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டிருக்கும். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை என்பதே என் கருத்து.

பொறுமை இன்று காத்திருப்பதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'கொஞ்சம் பொறுமையா இரு' என்றால் அவசரப்படாதே என்று அர்த்தம். 'பொறுமையா படி' என்றால் மெதுவாகப் படி. இதில் வலியும் இல்லை, பாரமும் இல்லை. பொறையில் பாரம் உண்டு. சுமை, குன்று, பாறை எல்லாமே பழந்தமிழில் பொறைதான். சேர மன்னர் சிலரின் பெயரில் வரும் 'இரும்பொறை'யிலும் இந்தச் சொல்லே இருக்கிறது.

திருக்குறளில் இந்தக் கனம் நன்றாகத் தெரியும். 16ஆம் அதிகாரத்தின் பெயரே பொறையுடைமை. அதில் 'வன்மையுள் வன்மை மடவார்ப் பொறை' (153) என்கிறார் வள்ளுவர்: அறிவில்லாதவர் செய்வதைத் தாங்கிக்கொள்வதுதான் வலிமையிலெல்லாம் வலிமை. 572ஆம் குறளுக்குப் போனால், கண்ணோட்டம் (இரக்கம்) இல்லாதவர்கள் உயிரோடிருப்பது 'நிலக்குப் பொறை', அதாவது பூமிக்குச் சுமை. தாங்கும் குணமும் பொறை, தாங்கவேண்டிய சுமையும் பொறை! பொறுமையை இப்படி இரண்டு பக்கமும் நிறுத்த முடியாது. 'அவன் பூமிக்குப் பொறுமை' என்று எழுதிப் பாருங்கள், தெரியும். இன்னொன்றையும் கவனிக்கலாம். பொறாமை என்பதும் 'பொறு'வின் எதிர்மறைதான். பிறர் நன்றாக இருப்பதைத் தாங்க முடியாத நிலை. பொறையுடைமைக்கு அடுத்த அதிகாரமே பொறாமைப்படாமல் இருப்பதைப் பேசும் அழுக்காறாமை.

அப்புறம் நோன்மை, அதாவது துன்பத்தைத் தாங்கும் வலிமை. நோன்பு, நோற்றல் எல்லாம் இதன் உறவு. 'உற்றநோய் நோன்றல்' (261), அதாவது வந்த துன்பத்தைத் தாங்குதல், என்று தவத்துக்கு இலக்கணம் சொல்லும்போது வள்ளுவர் இந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான் எடுக்கிறார். ஆனால் 160ஆம் குறளில், உணவை விட்டு நோற்பவர்கள் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லை நோற்பவர்களுக்கு அடுத்தபடிதான் என்கிறார். தவத்தின் சொல்லையே அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த சொல் நோன்மை. ஆனாலும் இன்று எழுதினால் உரை போட வேண்டிவரும். நோன்பு மட்டும்தான் புழக்கத்தில் மிச்சம்.

இதே வரிசையில் வரும் இன்னொரு சொல் சகிப்பு. அதில் எப்போதும் கொஞ்சம் வெறுப்பு ஒளிந்திருக்கிறது, பேச்சில் 'சகிக்கல' என்கிறோமே, அதுபோல. கருத்து வேறுபாடு, மதம் பற்றிய கட்டுரைகளுக்குச் சகிப்புத்தன்மை சரி. நெடுந்தூர ஓட்டம், பழைய பாலம், பேட்டரி என்றால் 'தாக்குப்பிடித்தல்' போதும்.

படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பல வருடம் பார்த்துக்கொள்பவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால்? 'பொறுமைசாலி' மிக மெலிதாகப் படுகிறது. 'சகித்துக்கொண்டார்' அவருக்கே அவமானம். அங்கே நான் பொறையைத்தான் எடுப்பேன். தனியாக நிறுத்தினால் வாசகர் தடுமாறலாம். 'இத்தனை வருடச் சுமையைப் பொறையோடு தாங்கினார்' என்று பக்கத்தில் ஒரு பாரத்தை வைத்துவிட்டால் பொருள் தானே விளங்கும். பேச்சில் மட்டும் வேண்டாம், அங்கே 'தாங்கிக்கிட்டாங்க' என்பதே இயல்பு.