கூகுள் ஃபோட்டோஸ்: 15 ஜிபி எத்தனை நாளைக்குங்க?

தேடித் தருவதில் இதை அடிச்சுக்க ஆளில்லை. ‘மஞ்சள் சேலை’ என்று தட்டினால் படம் வந்து நிற்கும். தொல்லை சேமிப்பு இடத்தில்தான்.

இலவச 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்குபோடுகின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும், அளவு சுருக்கிய படமும் இந்த 15 ஜிபி கணக்கில் சேரும். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கை அரைமணி நேரம் 4கே-யில் எடுத்தால் 5 ஜிபியாவது போய்விடும். நிறைந்தால் மெயில் வருவதே நின்றுபோகும். திருப்பூரில் பையர் (சரக்கு வாங்குபவர்) மெயிலுக்குக் காத்திருப்பவருக்கு இது ஆர்டர் சமாச்சாரம்.

பேக்கப் தரத்தை ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று வைத்தால் படம் 16 மெகாபிக்சலுக்குள்ளும் வீடியோ 1080பி-க்குள்ளும் அடங்கும். இனி ஏறுவதற்கு மட்டும்தான் அது. பழையதைச் சுருக்க, கம்ப்யூட்டரில் ஃபோட்டோஸ் செட்டிங்ஸில் ‘ரெக்கவர் ஸ்டோரேஜ்’ அழுத்த வேண்டும். பிறகு ஒரிஜினல் தரம் திரும்பாது. வாட்ஸ்அப் படங்கள் ஃபோல்டருக்குப் பேக்கப்பை அணைத்துவிடுங்கள், குட்மார்னிங் ரோஜாவுக்கெல்லாம் இடம் எதற்கு?

பலர் ஏமாறுவது ‘டெலீட்’டில். போனிலும் கிளவுடிலும் (கூகுள் சேமிப்பில்) சேர்ந்தே அழியும். போனில் மட்டும் எடுக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’தான். பேக்கப் ஆன படத்தைத் தவறி அழித்தால் 60 நாள் டிராஷில் கிடக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.