ரங்கூன் வீட்டில் ஒரு கிண்டில்

புத்தகம் படிக்கிறவர்களுக்குப் பரிசு வாங்குவது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் விளைவாக என் வீட்டில் புத்தகப் படம் போட்ட காபிக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. பகான் போய்வந்த தோழி ஒருத்தி அரக்கு வேலைப்பாடு செய்த பக்கக்குறி கொடுத்தாள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தடிமன். புத்தகத்துக்குள் வைத்து மூடினால் அட்டையின் முதுகு பிளந்துவிடும். சென்னையிலிருந்து வருகிற உறவினர்கள் ஆளுக்கொரு திருக்குறள் உரை கொண்டுவருவார்கள். வள்ளுவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அலமாரியில் இடம்தான் இல்லை.

இந்தப் பரிசுகளுக்கு நடுவே உருப்படியாக வந்தது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கொண்டுவந்த கிண்டில் பேப்பர்ஒயிட், அமேசான் கம்பெனியின் மின்புத்தகம் படிக்கும் கருவி. 2021இல் வெளியான 6.8 அங்குலத் திரை மாடல். "ஃபோன் மாதிரி இல்ல அத்தை, கண்ணு வலிக்காது" என்று சொல்லிக் கையில் கொடுத்தான். அமெரிக்காவில் 140 டாலருக்கு அறிமுகமான சாமான். அதை எங்கள் பர்மியக் காசான கியாத்தில் பெருக்கிப் பார்த்தால் தூக்கம் வராது, ஆகையால் நான் பெருக்கவில்லை.

நான் டவுனில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுக்க எண்கள், மாலையில் எழுத்துகள். பர்மியப் புத்தகத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. பான்சொடான் தெரு நடைபாதையில் குவித்து வைத்திருப்பார்கள், குனிந்து பொறுக்க வேண்டியதுதான். தமிழ்ப் புத்தகம்தான் எட்டாக்கனி. ஒரு காலத்தில் இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகைகள் அச்சாயின. அறுபதுகளில் எல்லாம் முடிந்துபோனது. கப்பலேறியவர்கள் போக மீதிப்பேர் கோயிலை ஒட்டிய வகுப்புகளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து மொழியைக் காப்பாற்றிவருகிறோம். எழுத்துக் கற்ற பிள்ளை அப்புறம் எதைப் படிக்கும் என்பதற்கு யாரிடமும் பதில் இருந்ததில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் கையில் பட்டியல் கொடுத்துவிட்டால், பெட்டி எடை அதிகமானதும் முதலில் வெளியே விழுவது என் புத்தகம். கூரியரில் வரவழைத்த ஒரு கட்டு எந்த ஊர்க் கிடங்கில் தூங்குகிறதோ, இன்றுவரை வந்து சேரவில்லை.

அந்த நிலையில் இருப்பவளுக்கு இந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதுதான் இந்த விமர்சனம். புத்தகக் கடை பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

முதலில் கரண்ட். ரங்கூனில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. விளக்கு அணைந்ததும் கீழே ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும், அதற்கு முன்பே கொசு வந்துவிடும். அப்போது ஃபோனில் படிக்கலாம் என்றால் ஃபோனின் சார்ஜை அவசரத்துக்குக் காப்பாற்ற வேண்டும். கிண்டிலின் திரை மின்மைத் திரை, இங்கிலீஷில் இ-இங்க் என்பார்கள். பக்கம் புரளும்போது மட்டும்தான் எழுத்தை மாற்ற மின்சாரம் செலவாகிறது, புரட்டிய பக்கம் சும்மா நிற்பதற்கு ஒன்றும் வேண்டாம். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் பத்து வாரம் தாங்கும் என்கிறது கம்பெனி. என்னைப் போல ராத்திரி வெகுநேரம் படிக்கிறவர்களுக்கு அதெல்லாம் வராது. ஆனாலும் சார்ஜ் போடவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் வாரக்கணக்கில் ஓடுகிறது. கரண்ட் வந்தால் இன்வெர்ட்டர், பவர் பேங்க், ஃபோன் என்று வரிசையில் நிற்கும் வீட்டில் இதுவாவது வரிசையில் நிற்காமல் இருப்பது பெரிய காரியம்.

விளக்கும் உள்ளேயே இருக்கிறது. ஓரத்தில் 17 சின்ன எல்ஈடி வைத்து வெளிச்சத்தைத் திரைமேல் படரவிடுகிறார்கள். கண்ணுக்குள் அடிக்காது. அந்த வெளிச்சத்தை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் முக்கால்வாசி மஞ்சளில் வைத்துக்கொள்கிறேன், பழைய குண்டு பல்ப் வெளிச்சம் போல இருக்கும்.

அடுத்தது மழை. மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரைக்கும் இந்த ஊரில் எதுவும் காயாது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. போதாததற்கு இராமபாணப் பூச்சி. சுத்தமான தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று இந்தக் கருவிக்குத் தரச்சான்று இருக்கிறது. நான் அதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கப்போவதில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாரல் அடிக்க அடிக்கப் படிக்கிறேன், அதுவே எனக்குப் போதும்.

இனி தமிழ். 2016 டிசம்பரில்தான் அமேசான் தமிழ், இந்தி உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் புத்தகங்களை முறையாகக் கொண்டுவந்தது. இப்போது எழுத்து சுத்தமாகத் தெரிகிறது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. என் வயதுக்கு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும். அங்கேதான் ஒரு வில்லங்கம். தமிழ்ச் சொற்கள் நீளம். பழைய ஆசிரியர்கள் "போய்விட்டார்களென்றும்", "சொல்லிக்கொண்டிருந்ததாகவும்" என்று சேர்த்தே எழுதுவார்கள். பெரிய எழுத்தில் அப்படி ஒரு சொல் வந்தால் ஒரு வரியே நிரம்பிவிடும். இருபுற ஓரமும் சீராக நிற்கும்படி வைத்திருந்தால் மேல் வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். அமைப்புகளுக்குள் போய் வரிகளை இடது ஓரத்துக்கு மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டால் தீர்ந்தது. யாருக்காவது இதைப் பரிசளிக்கிறீர்களா, இதை நீங்களே செய்துகொடுங்கள். அவர்களாகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பரிசு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வெறும் கிண்டிலை டப்பாவோடு கொடுப்பது அரிசி இல்லாமல் குக்கர் கொடுப்பது மாதிரி. எங்களிடம் வெளிநாட்டுக் கடையில் வாங்கத் தோதான கார்டு கிடையாது. என் அண்ணன் மகன் அதை யோசித்திருந்தான். கொடுக்கும் முன்பே புத்தகங்களை ஏற்றியிருந்தான், பாதி விலை கொடுத்து வாங்கியவை, பாதி இலவசம். ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதற்கு அவன் சிங்கப்பூரிலிருந்து இபப் என்கிற மின்புத்தகக் கோப்பை அனுப்பினால், இங்கே வைஃபை கிடைக்கும்போது புத்தகம் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. விமானமும் இல்லை, பெட்டி எடையும் இல்லை.

இலவசம் என்றால் திருட்டுப் பிரதி என்று நினைக்கவேண்டாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களை வைத்துச் சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்து வலையில் ஏற்றிவருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்கிற தளத்தில் எழுதியவர்களே பகிர அனுமதித்த புத்தகங்களும் கிடைக்கின்றன. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இப்போது என் கைப்பைக்குள். அச்சில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா முதல் பாகத்தைப் படித்துவிட்டு, கருவியைத் திருப்பித் தராமல் இரண்டாம் பாகத்துக்கும் போய்விட்டார். அதைப் பிடுங்கி வாங்கினேன்.

அண்மையில் இதில் படித்ததில் மனதை விட்டு நகராதது வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழி நடைப்பயணம். சர்மா 1932இல் ரங்கூனுக்கு வந்தவர். 1937 முதல் 1942 வரை இங்கிருந்து 'ஜோதி' என்ற மாத இதழை நடத்தியவர். பிளாட்டோவைத் தமிழில் கொண்டுவந்த அதே மனிதர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. அதற்கப்புறம் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலிசெய்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தார்கள். மொத்தம் சுமார் ஐந்து லட்சம் பேர் வெளியேறியதாகச் சொல்கிறார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். சர்மாவும் அவர் மனைவி மங்களமும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் அழுகையும் ஒப்பாரியும் கலந்தது. சர்மா அப்படி எழுதவில்லை. அலங்காரம் இல்லாத, நிதானமான நடை. அரசியலும் தத்துவமும் எழுதிப் பழகிய கை, தன் கஷ்டத்தைப் பற்றி எழுதும்போதும் குரலை உயர்த்துவதில்லை. சிலருக்கு அது வறட்சியாகத் தெரியலாம். எனக்கு அதுதான் பிடித்தது. என்ன இருந்தாலும் ரங்கூனில் பிறந்து, ரங்கூனிலேயே இருந்துவிட்ட குடும்பத்துக்காரியாக ஒரு வருத்தம் உண்டு. நடந்துபோனவர்கள் எழுதிவைத்தார்கள். போகாமல் இங்கேயே கிடந்தவர்களின் கதையைத் தமிழில் விரிவாகப் படிக்க எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்ததாக இங்கிலீஷ் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் பர்மா நாவல், 'பர்மீஸ் டேஸ்'. 1922 முதல் 1927 வரை இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதி 1934இல் வெளியானது. கத்தா என்கிற ஊரைத்தான் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார். பான்சொடான் நடைபாதையில் இதன் நகல் பிரதியை வெள்ளைக்காரப் பயணிகளிடம் விற்பார்கள். ஓரம் கறுத்து, நடுவில் எழுத்து மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது, பாதியில் விட்டுவிட்டேன். கிண்டிலில் முழுக்கப் படிக்க முடிந்தது. இங்கிலீஷ் சொல்லை விரலால் அழுத்தினால் அகராதி வந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய உபகாரம்.

நாவல் பிடித்ததா என்றால், பிடிக்கவும் செய்தது, எரிச்சலும் வந்தது. அதில் வீராசாமி என்று ஒரு டாக்டர். பெயரைப் பார்த்ததும் நம்மாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃப்ளோரி என்கிற வெள்ளைக்காரன் வராந்தாவில் உட்கார்ந்து பிரிட்டிஷ் ஆட்சியைத் திட்டுகிறான். நம் டாக்டரோ துடித்துப்போய் அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறார். அந்தக் கிண்டலின் கூர்மை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த டாக்டர் வீட்டுக்குள் போய் தன் மனைவியிடம் என்ன பேசுவார், என்ன சாப்பிடுவார், ஊருக்குக் கடிதம் எழுதுவாரா என்பதில் ஆசிரியருக்கு அக்கறை இல்லை. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சேர இடம் கிடைக்குமா என்ற ஏக்கத்தோடு அவரை நிறுத்திவிட்டார். கிளப்புக்குள் நடக்கும் அற்பச் சண்டைகள் மட்டும் அசல்.

சரி, இந்தக் கருவி எங்கே கையை விரிக்கிறது? ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில். எனக்கு ஆசை எல்லாம் பழைய அச்சுப் பதிப்புகள்மேல். தமிழ் மின்னூலகம் போன்ற இடங்களில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு அச்சாகியிருக்கும். பாட்டியிடம் எழுத்துப் படித்தவள் நான், எனக்கு அது தடங்கல் இல்லை. ஆனால் படமாக இருக்கிற பக்கத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப் பக்கத்தையும் இந்தச் சின்னத் திரைக்குள் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு பக்கத்தை இரண்டு மூன்று துண்டாகப் பார்க்கலாம். ஒரு கட்டுரைக்கு அது சரி, ஒரு புத்தகத்துக்குக் கழுத்து வலிதான் மிச்சம். நாவல், கதை, கவிதை என்று மறுபடி தட்டச்சு செய்த புத்தகம் படிக்கிறவர்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொடுக்கலாம். பழைய ஸ்கேன்களில் மூழ்குகிற ஆசாமி என்றால் வேண்டாம். வண்ணப்படம் போட்ட குழந்தைப் புத்தகத்துக்கும் வேண்டாம், எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

உறை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். மூடினால் திரை தூங்கி, திறந்தால் விழிக்கிற காந்த உறை கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கட்டாயம்.

2024இல் 7 அங்குலத் திரையோடு புதிய பேப்பர்ஒயிட் வந்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதை வாங்கி வரட்டுமா என்று அண்ணன் மகன் கேட்டான். இருப்பதே நன்றாக ஓடும்போது அந்தக் கொஞ்சூண்டு அகலத்துக்கு எதற்குக் காசு? அதற்குப் பதில் ஸ்கேன் படிக்க ஒரு சாதாரண டேப்லட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பத்து அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்காதே, நான் கேட்ட பழைய பதிப்புகளை அதில் ஏற்றாமல் கொண்டுவராதே என்றும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.